வேலியில் கட்டிய தோரணம்

என் கணவரின் அண்ணன் வீட்டில் இரண்டு ஈமுக்கள் இருக்கின்றன. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு "எதுக்கு?" என்று கேட்பார்கள். அதற்கு எங்கள் குடும்பத்தில் யாரிடமும் சரியான பதில் இல்லை. மாம்பாக்கம் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒருவர் அதை மூடும்போது, "ரெண்டே வாரம் பாத்துக்கோங்க, வண்டி ஏற்பாடு பண்ணிட்டு வந்து எடுத்துக்கிறேன்" என்று இறக்கிவிட்டுப் போனார். மூன்று வருடம் ஆகிறது. வண்டி இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது தாம்பரத்தில். கணவருக்கு நாவலூரில் வேலை. சனிக்கிழமை ஆனால் கேளம்பாக்கத்தைத் தாண்டியிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவோம். என் மகள் அவரைப் பெரியப்பா என்பாள். அவள் பேச்சிலிருந்து எனக்கும் அப்படியே பழகிவிட்டது, நேரில் மட்டும் மாமா. அவர் மனைவி எனக்கு அக்கா. ஒரு காலத்தில் சுற்றிலும் அவர்கள் குடும்பத்து வயல்தான். இப்போது மூன்று பக்கமும் அடுக்குமாடிகள். நடுவில் எங்கள் தோட்டமும், அதற்குள் பெரியப்பாவைவிட உயரமாக நின்று எல்லாரையும் முறைத்துப் பார்க்கும் இரண்டு பறவைகளும்.

அடுக்குமாடிகள் வந்தபிறகு கூடவே தெருநாய்களும் வந்தன. போன வருடம் ஒரு நாள் நான்கைந்து நாய்கள் உள்ளே புகுந்து துரத்தியதில், பெண் ஈமு பயந்து பழைய முள்கம்பி வேலியை ஒட்டியே ஓடியிருக்கிறது. பயந்துவிட்டால் ஈமுவுக்குத் திரும்பி ஓடத் தோன்றாது. எதிரே வழி இருப்பதாகவே நினைத்து ஓடும். கழுத்து கிழிந்துவிட்டது. மருத்துவர் தையல் போடும்வரை அக்கா அதன் தலையை ஒரு பழைய சட்டைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்லடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது வரை நான் அந்தப் பறவைகளை ஒரு தொல்லையாகத்தான் நினைத்திருந்தேன். என் மகளின் ஹேர் கிளிப் ஒன்றை அது விழுங்கியதிலிருந்து எனக்குக் கோபம்கூட இருந்தது. அன்று போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை சாப்பிடும்போது பெரியப்பா சொன்னார்: "முள்கம்பிய எல்லாம் நம்பி பிரயோஜனம் இல்ல. மோட்டார் ரூம்ல இருந்து ஒரு ஒயர் இஸ்துகினு வந்து கம்பில மாட்டிட்டா முடிஞ்சிது. ஒரு நாயி கிட்ட வராது."

என் கையில் சாம்பார்க் கரண்டி. அந்த வீட்டில் நான் இளைய மருமகள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதில்லை. ஆனால் வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுத்து, காலையில் அந்தப் பக்கம் போனவர் செத்துக் கிடந்தார் என்ற செய்தியைப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறேன். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. எதைப் பார்த்தாலும் கையால் தொட்டுப் பார்க்கிற வயது.

"வேணாம் மாமா" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "அது வீட்டுக் கரண்ட். புடிச்சா விடாது. குழந்தை இருக்கு."

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா என்னைப் பார்த்து, "அப்போ இன்னா போடலான்ற? நீ படிச்ச பொண்ணு, நீயே விசாரிச்சுச் சொல்லு" என்றார். கோபமா, நிஜமாகவே கேட்கிறாரா என்று புரியவில்லை. காரில் திரும்பும்போது வண்டலூர் வரைக்கும் அதையே கணவரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"அண்ணன் கோவப்பட்டா சாப்பாட்ட பாதில வெச்சுட்டு எழுந்துடுவாரு. மோர் வரைக்கும் சாப்ட்டார்ல?" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. இனிமே அது உன் வேலி."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் என் தூக்கம் போயிற்று. வேண்டாம் என்று சொல்வது ஒரு நிமிடத்துத் தைரியம். வேறு எது வேண்டும் என்று சொன்னால், அதில் நாளைக்கு ஏதாவது நடந்தால் அது என் தலையில். மகளின் பழைய நான்கு கோடு நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் கேட்க வேண்டியதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். எழுதுவேன், அடிப்பேன், மறுபடி எழுதுவேன். தாம்பரத்தில் ஒரு கடைக்காரர் வேலிக்கு ஷாக் கொடுக்கும் பெரிய மெஷின் ஒன்றைக் காட்டி, "இது யானையவே நிறுத்தும்மா" என்றார். யானையையே நிறுத்துவது என் குழந்தையை என்ன செய்யும் என்று கேட்டேன். "குழந்தைய ஏம்மா அங்க உடுறீங்க?" என்றார். நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் கேட்டதும் நியாயம்தானே என்று தோன்றிக்கொண்டிருந்தது.

காட்டாங்குளத்தூரில் வேலி போட்டுத் தருகிற ஒருவரைப் பற்றி மகளின் பள்ளி வாசலில் ஒரு அம்மா சொன்னார். அவரைத் தேடிப் போனேன். நான் ஈமு என்றதும் அவரும் சிரித்தார். "ஈமுவா? றெக்கை மாட்டின ஒட்டகம் ஆச்சே அது!" என்றார். ஆனால் அடுத்து அவர் கேட்டது விலையைப் பற்றியோ நீளத்தைப் பற்றியோ இல்லை.

"வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா மேடம்?"

"நாலு வயசுப் பொண்ணு இருக்கு."

"எவ்ளோ உயரம் இருக்கும்?"

கையால் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "பிரச்சனையே அதுதாங்க. நாயி மூக்கு வைக்கிற உயரமும் உங்க பாப்பா கை வைக்கிற உயரமும் ஒண்ணு. நாய்க்குப் போடுற கம்பி பாப்பாவுக்கும் போட்ட மாதிரி."

எத்தனையோ நாளாக மனதுக்குள் உருண்டுகொண்டிருந்த பயத்தை ஒருவர் அளந்து சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க நோட்டைத் திறந்து என் கேள்விகளைப் படித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஈமுவின் உடம்பெல்லாம் இறகு, அதில் ஷாக் ஏறாது. கழுத்திலும் காலிலும் அலகிலும்தான் ஏறும். பயந்துபோன ஈமு ஷாக்குக்கு நிற்காது, இன்னும் வேகமாக ஓடும். அதனால் ஈமுவை உள்ளே வைப்பதற்குக் கரண்ட்டே கூடாது, அதன் தலையோ காலோ சிக்காத நெருக்கமான கம்பி வலைதான் சரி. மேலே வெள்ளைப் பட்டை ஒன்று ஓடவேண்டும், தூரத்திலிருந்தே அதற்கு வேலி தெரிவதற்கு. முள்கம்பி ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. அதில் கரண்ட் கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம், மாட்டியவன் விடுபட முடியாது. ஷாக் கம்பி இரண்டே இரண்டு, வலைக்கு வெளியே, நாய்களுக்கு மட்டும்.

"அந்த ஷாக்?" என்றேன்.

"வீட்டு கரண்ட் புடிச்சுக்கும். இந்த மெஷின் தட்டும், விட்டுடும். ஒரு தட்டு, அப்புறம் மூச்சு விடுற நேரம் சும்மா இருக்கும், அப்புறம் இன்னொரு தட்டு. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா கைய எடுத்துக்க நேரம் கொடுக்கும். அப்படியும் குழந்தைய அது கிட்ட போக விடக்கூடாது. கம்பிக்கு ரெண்டு அடி தள்ளி சாதாரணத் தட்டி கட்டி, கொக்கி போட்ட கதவு வெச்சுடுங்க. கொக்கி மேல இருக்கணும்."

அவரும் அவர் மனைவியும் வந்து மூன்று நாளில் வேலையை முடித்தார்கள். மனைவிதான் இன்சுலேட்டர் மாட்டினார். எர்த் கம்பிகளை வீட்டு எர்த்திலிருந்து தள்ளி, ஈரமான இடமாகப் பார்த்து அடித்தார்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"ஈமுக்கு ஒரு வேலி, நாய்க்கு ஒரு வேலி, கொழந்தைக்கு ஒரு வேலி. உனுக்கு ஒண்ணு வோணாமாடி? நீதான் ரொம்ப பயந்துகினு கீற."

மெஷினை ஓடவிட்டதும் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். யார் முதலில் தொட்டுப் பார்ப்பது என்று எல்லாரும் நின்றோம். தேர்ந்தெடுத்தவள் நான். நான்தான் தொட்டிருக்க வேண்டும். அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னே போய்ப் புறங்கையை வைத்தார். அடுத்த தட்டில் "ஐயோ, எங்கம்மா!" என்று துள்ளி, ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டு, கையை உதறிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். "ஒண்ணும் ஆவல. கன்னத்துல அறைஞ்ச மாதிரி கீது. விட்டுடிச்சு பாரு." அன்று மத்தியானம் நானே அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். நன்றி என்று வாயால் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

போகும்முன் வேலி போட்டவர் ஒரு டெஸ்டரைக் கொடுத்து, தினம் காலையில் கம்பியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கம்பியில் கரண்ட் இருந்தால் அதன் விளக்குகள் வரிசையாக எரியும். "மெஷின் சத்தத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க. புல்லு வளந்து கம்பியத் தொட்டாக்கூட கரண்ட்டெல்லாம் மண்ணுக்குப் போயிடும். மெஷின் பாட்டுக்கு டக் டக்குன்னுட்டு இருக்கும்." அதையும் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே அங்கே போய்விட்டோம். அந்த வீட்டில் ஆயுத பூஜை பெரிய விஷயம். மோட்டார், பைக், மண்வெட்டி, அரிவாள்மனை, என் மகளின் கலர் பென்சில், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வேலிக்கும் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களின் வண்டியும் மோட்டாரும் அலங்காரமாக நிற்கும்போது, என் வேலி மட்டும் வெறுமனே நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. பெரியப்பாவிடம் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, தட்டிக் கதவைத் திறந்து உள்ளே போனேன். மேல் கம்பியில் மாவிலைத் தோரணம். வேலி முனைக் கால்கள் இரண்டிலும் ஆளுயர வாழைக்கன்று, கிழங்கோடு, சரியாமல் இருக்க அடியில் மண்ணைக் கொஞ்சம் தோண்டி நட்டுத் தண்ணீரும் ஊற்றினேன். அழகாக இருந்தது. அக்காகூட, "கல்யாண வூடு மாதிரி கீது" என்றார்.

பூஜை முடிந்ததும் ஒரு கேள்வி. பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை வரை எடுத்து வேலை செய்யக் கூடாது. மெஷினை என்ன செய்வது? அக்காதான் தீர்ப்புச் சொன்னார்: "நாயிக்கு இன்னா பூஜைன்னு தெரியுமா? மெஷினு ஓடட்டும். டெஸ்டரு சாமிகிட்ட இருக்கட்டும்." எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. டெஸ்டர் பொட்டு வைத்துக்கொண்டு வாழை இலையில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. மெஷின் 'டக்... டக்...' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நிம்மதியாகச் சுண்டல் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை, இட்லிக்குச் சட்னி அரைத்துவிட்டு மகளைத் தேடினேன். வாசலில் இல்லை. தோட்டத்துப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தட்டிக் கதவு திறந்திருந்தது. தோரணம் கட்டப் போன நான்தான், கை நிறைய மாவிலையும் கயிறுமாக வெளியே வந்தபோது கொக்கி போட மறந்திருக்கிறேன். அவள் உள்ளே இருந்தாள். கம்பியை ஒட்டி. இடது கை மேல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. முழங்கால் கீழ்க் கம்பியில். வலது கையால் முளைக்கீரைத் தண்டு ஒன்றை வலைக்குள் நீட்டி, "சாப்டு, சாப்டு" என்று ஈமுவிடம் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

டக்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டக்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவளை இடுப்போடு அள்ளினேன். என் முழங்கையும் கம்பியில் பட்டது. ஒன்றும் இல்லை. குளிர்ந்த வெறும் கம்பி. அவளைத் தூக்கிக்கொண்டு தட்டிக்கு வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கத்தியிருக்கிறேன் போல, எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். "அம்மா ஏன் அழுவுறாங்க பெரியம்மா?" என்று மகள் அக்காவைக் கேட்டாள்.

பெரியப்பா உள்ளே போய் டெஸ்டரை எடுத்துவந்தார். சந்தனப் பொட்டு காய்ந்து அதில் ஒட்டியிருந்தது. கம்பியில் வைத்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. மெஷின் அதுபாட்டுக்கு டக் டக் என்றுகொண்டிருந்தது. வேலியைச் சுற்றி நடந்தவர் ஒரு வாழைக்கன்றிடம் வந்து நின்றார். நான் நட்டபோது நேராக இருந்தது. இரவு ஈர மண் இளகி, தண்டு சரிந்து இரண்டு கம்பிகள் மேலும் சாய்ந்து கிடந்தது. வேலியின் கரண்ட் முழுக்க அந்தப் பச்சைத் தண்டு வழியாக, நான் ஊற்றிய தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவை மறந்தது நான், கன்றை நட்டது நான், சத்தத்தை நம்பாதே என்று எழுதிக் கோடு போட்டுவிட்டுச் சத்தத்தையே நம்பியதும் நான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன்.

பெரியப்பா டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே மண்ணில் உட்கார்ந்தார். அப்புறம், "அன்னிக்கு நான் சொன்ன மாதிரி மோட்டார் ரூம்ல இருந்து ஒயர் இஸ்துருந்தா" என்று ஆரம்பித்தார். என் மகளின் இடது கையை எடுத்து, உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். கம்பி பதிந்த ஒரு கோடு மட்டும் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "வாழைத்தண்டு சாஞ்சதுக்கெல்லாம் வூட்டுக் கரண்ட் நிக்குமா? நீ அன்னிக்கு வாயத் தொறந்தியேம்மா" என்றார்.

"கூசுது பெரியப்பா" என்று மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

நாய்கள் அந்த ஒரு நாள் வரவில்லை. ஏன் என்று தெரியாது. பண்டிகைச் சாப்பாட்டில் வயிறு நிறைந்திருக்கலாம். இரண்டு ஈமுக்களும் முழுசாக இருந்தன.

வாழைக்கன்றை வெட்டி எடுத்து, தோரணத்தை அவிழ்த்ததும், டெஸ்டரில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார். நான் கம்பியிடம் போனேன். "இப்ப எதுக்குடி?" என்றார் அக்கா. எதுக்கு என்று எனக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இந்த வாழைத்தண்டு இல்லாமல் இருந்திருந்தால் என் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை யாரோ சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று மட்டும் தோன்றியது. புறங்கையை வைத்தேன்.

முழங்கையைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஓடுமே, அப்படி ஒரு வலி. அதைவிடக் கொஞ்சம் அதிகம். கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் வலியால் இல்லை. அவள் அழுதிருப்பாள். பயந்திருப்பாள். ஒரு வாரத்துக்கு ஈமு பக்கமே போயிருக்க மாட்டாள். ஆனால் கையை எடுத்திருப்பாள். அந்தக் காட்டாங்குளத்தூர்க்காரர் பொய் சொல்லவில்லை.

"வலிக்குதாம்மா?" என்று தூரத்திலிருந்து கேட்டாள்.

"வலிக்குது. அதனாலதான் அம்மா இல்லாம இங்க வரக் கூடாது."

"கூடப் பெரியப்பா இருந்தா?"

"யார் இருந்தாலும்."

இப்போது தட்டிக் கதவில் ஸ்பிரிங் இருக்கிறது. கையை விட்டால் தானே சாத்திக்கொள்ளும். அதைப் பெரியப்பா மறுநாளே வைத்துவிட்டார். மஞ்சள் பலகையில் மண்டை ஓடு படம் வரைந்து மாட்டியது அக்கா. அது மண்டை ஓடு மாதிரி இல்லை, பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. அதற்கு என் மகள் தினம் ஒரு பெயர் வைக்கிறாள்.

அதன்பின் தினம் காலையில், நான் தாம்பரத்தில் மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், என் போனுக்கு ஒரு படம் வரும். கம்பியின் மேல் டெஸ்டர், எரிகிற விளக்குகள், ஓரத்தில் பெரியப்பாவின் கட்டைவிரல். ஒரு வார்த்தை இருக்காது. அனுப்பச் சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதும் எதையாவது நினைத்துக் குழம்பிக்கொண்டிருக்கிறவளுக்குக் காலையில் ஒரு கவலையாவது குறையட்டும் என்று அவரே நினைத்திருக்கிறார். நானும் நன்றி என்று எழுதுவதில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு, ஒரு கும்பிடு அனுப்புவேன்.

போன வாரம் ஒரு நாள் படம் வரவில்லை. பள்ளி வேன் போய்விட்டது, அப்போதும் வரவில்லை. அவரை அழைத்தால் போன் அணைந்திருந்தது. அக்காவை அழைத்தேன். பின்னால் பெண் ஈமு தொண்டைக்குள் மேளம் அடிப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா போனை அவரிடம் கொடுத்தார்.

"மாமா, இன்னிக்குப் படம் வரல. வேலி..."

"கீதும்மா, கீது" என்றார் அவர். "வேலில கரண்ட் கீது. என் போன்லதான் இல்ல."